பாலத்துக்கு அடியில் தைக்கிறவர்கள்

கண்ணுக்குத் தெரியாத ஆட்களை நம்பி ஒரு பாலத்தை இரண்டு ஆண்டுக் காலம் பராமரித்த மனிதர் இவ்வுலகில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் வீதியில், எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். பெற்றோர் இட்ட பெயர் என்னவென்று ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் அம்பு மாஸ்டர்.

அம்பு என்றதும் வில்லைத் தேட வேண்டாம். பனியன் கம்பெனிகளில் செக்கிங் பகுதி என்று ஒன்று உண்டு. தைத்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பது அங்குள்ளவர்களின் பணி. கண்ட இடத்தில் சுண்டுவிரல் நகமளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். அம்பின் முனை குறையைக் காட்டும். ஆல்ட்டர் டைலர் அந்த இடத்தைத் திருத்தித் தைப்பார். பிறகு துணி இஸ்திரிக்குப் போய், கடைசியில் பேக்கிங்கிற்கு வரும். அங்கே தவறிப்போய் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், அதை உரித்துவிட்டுத்தான் பையில் போட வேண்டும். அந்தப் பேக்கிங் மேசையில் நாற்பது ஆண்டுகள் நின்றவன் நான். இவ்விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது எனக்கு எதிராகவே சாட்சி சொல்லப் போகிறது.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, துணியின் மேல் உள்ளங்கையை ஓட்டி, ஊசி ஓட்டை இருக்குமிடத்தைச் சொல்லிவிடுவார். அவருடைய கண் கம்பெனி நேரத்தோடு வேலையை முடித்துக்கொள்கிற கண் அன்று. என் மகள் கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசியவர், பூசிய கையோடு சட்டைக் காலரில் ஓர் அம்பையும் ஒட்டிவிட்டு இறங்கினார். கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் மாப்பிள்ளையின் கழுத்தை ஒரு சிவப்பு அம்பு சுட்டிக்கொண்டிருக்கிறது. சம்பந்தி வீட்டார் மனம் வருந்தினார்கள். மாஸ்டர் என்னைத் தனியே அழைத்து, "மாப்பிள்ளை நல்ல பீஸுங்க. காலர்தான் ஒரு பக்கம் சித்தெ தூக்கலா இருக்குது" என்று சமாதானம் சொன்னார்.

மாஸ்டர் பணி ஓய்வு பெற்ற நாளில் கம்பெனியார் சால்வை போர்த்த வந்தார்கள். சால்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் பிசிர் இருப்பதாகச் சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டார். அதற்கு ஈடாக ஒரு பெட்டி அம்பு ஸ்டிக்கர் சுருள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பனியன் இல்லாமல் அம்பை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்யப்போகிறார் என்று நாங்கள் பேசிச் சிரித்தோம். மறுநாள் காலையிலேயே விடை கிடைத்தது. ஊரே அவருக்குத் துணியாகிவிட்டது. பேருந்து நிழற்குடையின் தூணில் ஓர் அம்பு. படிப்பகத்து ஜன்னலில் ஓர் அம்பு. பொதுக் கழிப்பிடத்தின் தாழ்ப்பாளில் மூன்று அம்புகள், மூன்றும் மூன்று திசையில்.

ஆனால் அவருடைய மனம் முழுவதும் குடியேறியது எங்கள் நடைபாலத்தில்தான்.

எங்கள் குடியிருப்புக்கும் கம்பெனி வீதிக்கும் நடுவே ஒரு பள்ளம், அதாவது சாயத் தண்ணீர் கலந்த ஓடை, ஓடுகிறது. மழைக்காலத்தில் அது நுரை கட்டிக்கொண்டு வரும். விடியற்காலையில் பார்த்தால் நீர் தெரியாது. வெள்ளை நுரை மட்டும் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருக்கும். அதன் குறுக்கே இரும்புச் சட்டமும் கான்கிரீட் பலகைகளும் கொண்டு கட்டப்பட்டது அந்த நடைபாலம். இரு கரையிலும் படிகள். நடுவில் பாலம் சற்று அகன்று, தகரக் கூரையும் எதிரெதிராக இரண்டு சிமெண்டு இருக்கைகளுமாக ஒரு சிறு மண்டபம் போல் இருக்கும். எங்கள் பகுதிக்கு அதுதான் சந்தை, அதுதான் சபை. ஓவர்லாக் டைலர் தேவை, கைமடி ஆள் தேவை என்ற துண்டுத் தாள்கள் அங்கேதான் ஒட்டப்படும். பெண் பார்க்கும் பேச்சு அங்கேதான் தொடங்கும். பீகாரிலிருந்து வந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போன் பேசுவது அங்கேதான். அந்த இருக்கைகளில் ஒன்றில், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த டீ அக்கா, காலை முதல் மாலை வரை கேனும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

"மத்ததெல்லாஞ் சின்னப் பீஸுங்க. இத ஒரு நாளைக்கு எத்தன பேர் போட்டுக் கழட்டறாங்க, பாருங்கொ" என்பார் மாஸ்டர். தினமும் காலையில், கூட்டம் வருவதற்கு முன், பாலத்தின் கைப்பிடி நெடுக உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே நடப்பார். துரு, வெடிப்பு, தளர்ந்த திருகு என்று கண்ட இடமெல்லாம் ஓர் அம்பு. ஒவ்வோர் அம்பையும் கட்டைவிரலால் இருமுறை அழுத்துவார்.

மறுநாள் காலையில் போனால் ஓர் அம்பும் இருக்காது.

முதல் நாள் இது நடந்தபோது மாஸ்டர் அடைந்த மகிழ்ச்சியை என் பேனாவால் எழுத இயலாது. அவர் தொழிலில் இதற்குப் பொருள் ஒன்றே ஒன்று: அம்பு போய்விட்டதென்றால் குறை தீர்ந்துவிட்டது. ஆல்ட்டர் முடிந்துவிட்டது. எந்த அலுவலகத்துக்கும் எழுதாமல், எவர் காலிலும் விழாமல், ஒட்டிய அன்றே வந்து திருத்திவிட்டுப் போகிற ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் பார்த்ததில்லை. பார்க்காத அளவுக்குச் சுத்தமான வேலைக்காரர்கள்.

"ஆனா திருகு இன்னும் ஆடுதுங்களே, மாஸ்டர்" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"ஆடத்தானுங்க செய்யும். அவங்க ஆல்ட்டர் பண்றாங்க, மறுக்கா பிரிஞ்சுக்குது. நூல் சரியில்லீங்க. ஆள் மேல தப்பில்ல" என்றார். மறுபடியும் ஓர் அம்பை ஒட்டினார்.

குறிப்பாக டீ அக்காவின் இருக்கைக்கு அடியிலிருந்த பலகையின் மூலையில் அவர் நாள் தவறாமல் ஒட்டினார். அது நாள் தவறாமல் காணாமற்போயிற்று. சிறு துண்டுத் தாளில், 'இவ்விடம் இரட்டைத் தையல் போடவும்' என்று எழுதி அம்போடு சேர்த்து ஒட்டிப் பார்த்தார். அம்பு போயிற்று, தாள் மட்டும் கிடந்தது. படிக்கத் தெரியாத ஆட்கள் போலிருக்கிறது என்று பெரிய மனத்தோடு விட்டுவிட்டார். பிறகு மாலைதோறும் டீ அக்காவிடம் ஒரு டம்ளர் டீ வாங்கி, இருக்கையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். காலையில் டம்ளர் காலியாகி, கழுவிக் கவிழ்த்திருக்கும்.

"யாருக்கு வைக்கீக இந்த டீய?" என்று டீ அக்கா கேட்டார்.

"நீங்க உக்காந்திருக்கற எடத்தத் தெனமும் சரி பண்றாங்களே, அவங்களுக்குங்க."

அடுத்த நாள் முதல் டீ அக்கா உட்காருவதற்கு முன் இருக்கையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

இப்படித்தான் அந்தச் சங்கதி ஊருக்குள் பரவிற்று. பாலத்துக்கு அடியில் யாரோ இருக்கிறார்கள் என்றார்கள். விடுதியில் தங்கியிருந்த பெண்கள் நடுமண்டபம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக நடந்தார்கள். யாரோ கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். வடக்கத்திப் பிள்ளைகள் சிலர் அதற்குக் கும்பிடு போட்டார்கள். நான் பகுத்தறிவோடு எதையும் ஆராய்ந்து பார்க்கிறவன், ஆகையால் கும்பிடவில்லை. இருப்பினும் நடுமண்டபத்தை இடது காலால் மிதிப்பதைத் தவிர்த்து வந்தேன்.

ஒருநாள் பட்டப்பகலில் மின்சாரம் நின்றது. திருப்பூரில் வசிக்காதவர்களுக்கு இதன் தன்மையை விளக்க வேண்டும். எங்கள் ஊருக்கு ஓர் அடிநாதம் உண்டு. ஆயிரக்கணக்கான மிஷின்கள் ஓடுகிற ரீங்காரம் அது. எப்போதும் கேட்பதால் அது எங்களுக்குக் கேட்பதே இல்லை. மின்சாரம் நின்று ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்குவதற்கு முன் சில விநாடிகள், ஊர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த விநாடிகளில் நானும் மாஸ்டரும் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் காலுக்குக் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டிக். டிக். டிக். டிக்.

ஒற்றை ஊசி மிஷினில் யாரோ நிதானமாக, தையல் தையலாக, ஓட்டுவது போன்ற சத்தம். கீழே நுரையைத் தவிர வேறொன்றும் இல்லை.

மாஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? பகல் ஷிப்ட்டும் போட்டுட்டாங்க" என்றார்.

அவ்வாண்டு தீபாவளி வந்தது. தீபாவளிக்கு எங்கள் ஊர் காலியாகிவிடும். தெற்கத்தியார் தெற்கே போவார்கள், வடக்கத்தியார் ரயிலேறுவார்கள், டீ அக்காவும் ஊருக்குப் போய்விட்டார். கம்பெனிகள் ஒரு வாரம் பூட்டிக் கிடந்தன. வெயில் அடிக்கும் நண்பகலில், நீண்ட வீதியில், ஒரு மனிதரும் இல்லாமல் வரிசையாகப் பூட்டிய கதவுகளைப் பார்ப்பதைவிட மனத்தைக் கலக்கும் காட்சி வேறில்லை. உள்ளூர்க்காரர்களாகிய நாங்கள் சிலர்தாம் எஞ்சியிருந்தோம். முந்தைய தீபாவளிகளுக்குக் கணியூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுகிற மாஸ்டரும் அந்த ஆண்டு இங்கேயே இருந்தார்.

நான்காம் நாள் மதியம் நான் பாலத்துக்குப் போனேன். படியேறியதும் திகைத்து நின்றேன். கைப்பிடி நெடுக அம்புகள். முந்தாநாள் ஒட்டியவை, நேற்று ஒட்டியவை, இன்று ஒட்டியவை, எல்லாம் அப்படியே இருந்தன. சிவப்பு எறும்புகள் சாரை சாரையாக நிற்பது போல் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அம்புகள் காணாமற்போகவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன்.

மாஸ்டர் நடுமண்டபத்தில் கவலையோடு உட்கார்ந்திருந்தார். அருகில் ஒரு டம்ளர் டீ ஆடை கட்டிக் கிடந்தது. டீ அக்கா ஊரில் இல்லாததால் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

"யாரும் வரலீங்க, பேக்கிங்காரரே. டீயும் அப்பிடியே இருக்குது. அவங்களும் லீவுக்கு ஊருக்குப் போயிட்டாங்களாட்ட இருக்குது. அவங்களுக்கும் ஊருன்னு ஒண்ணு இருக்குமில்லீங்க" என்றார்.

அப்போது அவருடைய பார்வை என்னைத் தாண்டி, நான் நடந்து வந்த வழியில் போயிற்று. கண்கள் விரிந்தன. குரல் தாழ்ந்து மூச்சளவாயிற்று.

"வந்திருக்காங்க. இப்பத்தான் வந்துட்டுப் போயிருக்காங்க."

திரும்பிப் பார்த்தேன். படியிலிருந்து நான் நிற்கும் இடம் வரை, இடப்பக்கக் கைப்பிடியில், ஓர் அம்பு கூட இல்லை. துடைத்து வைத்தது போல் இருந்தது. பாலத்தில் எங்கள் இருவரைத் தவிர ஈ, காக்கை இல்லை. கீழே நுரை நகர்ந்தது. டிக், டிக் என்று அந்தத் தையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓடிவிடலாம் என்று நினைத்து என் இடக்கையை எடுத்தேன். விரல்கள் பிரியவில்லை.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே, நெல்லிக்காய் அளவில், உருட்டப்பட்ட சிவப்பு ஸ்டிக்கர் உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

கையை மூடி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏதோ ஒருமுறை நிகழ்ந்த கைப்பிழை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். என் மனைவியிடம் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் பையில் கைவிட்டு உருண்டையை எடுத்தாள். சமையலறைக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தால் விளிம்பு வரை சிவப்பு உருண்டைகள்.

"இத எதுக்குங்க சேத்தறீங்க? ரெண்டு வருசமா பாக்கெட்டுல வருது. கேட்டாக் கோவிச்சுக்குவீங்கன்னு எடுத்து வெச்சிருக்கறனுங்க" என்றாள்.

அன்று முழுவதும் அந்த டப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் விளங்கிற்று. பேக்கிங் மேசைக்கு வருகிற துணியில் அம்பு இருந்தால், குறை முன்பே தீர்ந்துவிட்டது, ஸ்டிக்கர்தான் மிச்சம் என்று கொள்வது எங்கள் வழக்கம். கண் காணும் முன் கை உரித்துவிடும். இதை நான் மட்டுமா செய்வேன்? ஒவ்வொரு நாளும் அந்தப் பாலத்தைக் கடக்கிற கூட்டத்தில் பேக்கிங், இஸ்திரி, மடிப்பு என்று எத்தனை கைகள். அத்தனை கைகளும் கைப்பிடியைத் தடவிக்கொண்டே போயிருக்கின்றன. டீ குடிக்க உட்கார்ந்த கைகள் இருக்கைக்கு அடியையும் விட்டுவைக்கவில்லை. யாரோ திருத்திவிட்டார்கள் என்று நாங்கள் உரித்தோம். நாங்கள் உரித்ததால் யாரோ திருத்திவிட்டார்கள் என்று அவர் நம்பினார். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பாலத்தை ஒருவரும் தொடவில்லை. மனு எழுதத் தெரிந்த நானும் ஒரு வரி எழுதவில்லை.

விடிந்தது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கம்பெனிகள் திறக்கும். ஊருக்குப் போனவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் அந்தப் பாலத்தின் மேல் வருவார்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருடைய நம்பிக்கையை உடைப்பது எனக்கு எளிதாயிருக்கவில்லை. விளக்கம் சொல்லத் துணிவில்லாமல் மூடியைத் திறந்து முன்னால் வைத்தேன். அவர் ஓர் உருண்டையை எடுத்து நகத்தால் பிரித்தார். ஓர் அம்பு நிமிர்ந்தது. இன்னோர் உருண்டை. இன்னோர் அம்பு.

"அப்ப அந்தத் தையல் சத்தம்?" என்றார் கடைசியில்.

இருவரும் பள்ளத்தின் கரையோரமாக இறங்கிப் போய், பாலத்தின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்தோம். டீ அக்காவின் இருக்கையைத் தாங்கும் பலகையின் மூலையில், போல்ட் ஒன்று கழன்று, காற்றுக்கு ஆடி, இரும்பில் தட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று மூலைகளிலும் துரு மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் தலையைச் சாய்த்து இன்னொரு முறை கேட்டார். "இது தைக்கற சத்தமில்லீங்க. பிரியற சத்தம்" என்றார்.

அன்றே மனு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றுள் அதுவே சுருக்கமானது. மாநகராட்சி அலுவலகத்தில் காவலாளி மட்டும் இருந்தார். நல்ல மனிதர், யார் யாருக்கோ போன் செய்து பார்த்தார். அதிகாரிகள் திங்கட்கிழமை பத்து மணிக்கு வருவார்கள் என்றார். கம்பெனி திறப்பது எட்டரைக்கு. நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தை யாரிடம் ஒப்படைப்பது?

பாலம் முழுக்க அம்பு ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். மாஸ்டர் என் இடக்கையைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் யோசனை எதுவும் சொல்லவில்லை.

ஒவ்வொரு கம்பெனியிலும் செக்கிங் மேசைக்கு அருகில் ஒரு சிவப்புக் கூடை இருக்கும். கழித்த துணியை அதில் போடுவார்கள். அதில் விழுந்ததை எவரும் தொடமாட்டார்கள். தொட்டால் வேலை போய்விடும் என்பது சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கப்படும் பாடம். மாஸ்டர் பனியன் வேஸ்ட் வியாபாரி ஒருவரை வீட்டிலிருந்து எழுப்பி அழைத்து வந்து, இருந்த சிவப்புத் துணியையெல்லாம் வாங்கினார். திங்கள் விடிந்ததும் பாலத்தின் இரு வாயிலிலும் குறுக்கே கட்டினோம். கம்பெனி வீதிக் கரையில் சிவப்புக் கூடை ஒன்றை நடுப்படியில் வைத்துவிட்டு, இந்தக் கரைக்குச் சுற்றி வந்து படியின் உச்சியில் நின்றோம்.

கூட்டம் வந்தது. பையும் பலகாரமுமாக, சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள், சிவப்பைக் கண்டதும் நின்றார்கள். முன்னால் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பனிமூட்டத்தில், நூற்றுக்கணக்கான முகங்கள், ஒரு சத்தமும் இல்லாமல் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றன.

வடக்கத்திப் பிள்ளை ஒருவன் மட்டும் மெல்லக் கேட்டான். "அண்ணா, பிரிட்ஜ் ரிஜெக்ட்?"

"ரிஜெக்ட் இல்ல கண்ணு. ஆல்ட்டர்" என்றார் மாஸ்டர்.

அவன் தலையசைத்துத் திரும்பினான். கூட்டமும் திரும்பி, சற்றுத் தள்ளியிருந்த பெரிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழியில் நடந்தது. ஒருவர் கூட முணுமுணுக்கவில்லை. நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

டீ அக்காவை மறந்துபோனோம். அவர் ஒருநாளும் பனியன் கம்பெனிக்குள் கால் வைத்ததில்லை. சிவப்பு அவருக்கு வெறும் சிவப்பு. கேனைத் தூக்கிக்கொண்டு வந்தவர் துணியை ஒரு கையால் உயர்த்தினார்.

"அம்மிணி, போகாதீங்க. பலகை கழண்டிருக்குது" என்றார் மாஸ்டர்.

"ரெண்டு வருசமா உம்ம ஆளுக தெனமும் தைக்காகன்னு நீருதான சொன்னீரு? சோலியப் பாரும். டீ ஆறுது" என்று சொல்லிக்கொண்டே குனிந்து உள்ளே போனார். நானும் உண்மையைச் சொல்ல முயன்றேன். அவர் காதில் வாங்கவில்லை. கையைப் பிடித்து இழுக்க எங்கள் இருவருக்குமே துணிவில்லை. பிற பெண்களைத் தொட்டுப் பழகியவர்கள் அல்லர் நாங்கள். அவர் மாஸ்டரைக் கடந்து போகையில் மாஸ்டரின் கை மட்டும் ஒரு கணம் நீண்டு சுருங்கியதைக் கண்டேன்.

டீ அக்கா நடுமண்டபத்தை நெருங்கினார். இன்னும் நாலு எட்டு. டிக், டிக் என்றது பாலம்.

"அம்மிணி. கேன் ஒழுகுதுங்க" என்றார் மாஸ்டர். கத்தவில்லை. செக்கிங் மேசையில் சொல்கிற குரலில் சொன்னார். "அடியில டேமேஜ். மார்க் பண்ணியிருக்கறேன் பாருங்க."

டீ அக்கா நின்று கேனைத் தூக்கிப் பார்த்தார். அதன் அடியோரத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. பாலம் பற்றி அம்பு மாஸ்டர் எதைச் சொன்னாலும் நம்பாமல் இருக்கலாம். ஒழுகுகிற கேனை எந்த டீக்காரரால் நம்பாமல் இருக்க முடியும்? முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து, படியில் உட்கார்ந்து, கேனைச் சாய்த்து அடியை விரலால் தடவினார்.

அப்போது அந்தத் தையல் சத்தம் நின்றது.

நின்றதைத்தான் முதலில் கேட்டோம். பிறகு, எவரும் தொடாமல், எவரும் மிதிக்காமல், நடுமண்டபத்தின் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிமெண்டு இருக்கை அதன் மேல் சறுக்கிற்று. இரண்டும் நுரைக்குள் போயின. நுரை மூடிக்கொண்டது. பாலத்தின் நடுவில், டீ அக்கா இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த இடத்தில், ஆகாயம் தெரிந்தது.

டீ அக்கா கேனின் அடியை இன்னொரு முறை தடவினார். "கேன்ல ஓட்டையே இல்லையே, மாஸ்டர்."

மாஸ்டர் கேனை வாங்கி நிமிர்த்தி வைத்தார். "மன்னிச்சுக்குங்க அம்மிணி. நல்ல பீஸ்ல தப்பா மார்க் பண்ணீட்டனுங்க. என்ற சர்வீஸ்ல இது ஒண்ணுதான்" என்றார்.

டீ அக்கா அழுதார். அழுதுகொண்டே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார்: மாலைதோறும் அந்த டம்ளர் டீயைக் குடித்துக் கழுவி வைத்தவர் அவரேதான். ஆறிப்போகிற டீயைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லையாம்.

பத்து மணிக்குச் சொன்னபடியே அதிகாரிகள் வந்தார்கள். சில மாதங்களில் பாலம் புதிதாயிற்று. அகலமான பலகைகள், புதிய போல்ட்டுகள், கைப்பிடிக்கு நல்ல வண்ணம். வேலை முடிந்த நாளில் பொறியாளர் வந்திருந்தார், இளம் பெண். மாஸ்டர் பாலத்தின் இரு பக்கமும் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டு நடந்தார். ஓர் அம்பு கூட ஒட்டவில்லை. பிறகு அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றார்.

"அந்த ஆல்ட்டர்காரங்க நீங்கதானுங்களா, கண்ணு?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு எதுவும் புரிந்திராது. இருந்தாலும் சிரித்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள். மாஸ்டர் டீ அக்காவிடம் ஒரு டம்ளர் டீ வாங்கி, இரு கைகளாலும் ஏந்தி அவளிடம் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த ஆண்டு மாஸ்டர் கணியூருக்குப் போய் மகள் வீட்டோடு தங்கிவிட்டார். அங்கிருந்த நிழற்குடைகளுக்கும் அம்பு கிடைத்திருக்கும். இந்த ஆனி மாதத்தில் அவர் காலமான செய்தி வந்தது.

இந்தத் தீபாவளியன்று மதியம் நான் மட்டும் பாலத்துக்குப் போனேன். ஊர் காலியாக இருந்தது. மிஷின் சத்தம் இல்லை. நடுமண்டபத்தில் நின்று வெகுநேரம் காது கொடுத்தேன். புதிய போல்ட்டுகள் அசையவில்லை. அடியிலிருந்து ஒரு டிக் கூட வரவில்லை. வராதா என்று நான் எதிர்பார்த்து நின்றேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

டீ அக்காவின் கேனில் அந்த அம்பு இன்னும் இருக்கிறது. எத்தனையோ கைகள் பழக்க தோஷத்தில் அதன் மேல் போயிருக்கின்றன; அத்தனை கைகளையும் அவர் தட்டிவிட்டிருக்கிறார். நாளாக ஆக அதன் ஒரு முனை சற்றே மேலெழும்புகிறது. தினமும் காலையில் டீ வாங்கும்போது என் கட்டைவிரல் தானாக அங்கே போகிறது. போய், இருமுறை அழுத்திவிட்டுத் திரும்புகிறது.